குப்பிக்குள் ஒரு சுழி

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மூச்சு வந்தது. பதில் தாமதமானதற்குக் காரணம் இப்போது என் மேசைமேல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஐ.டி.ஐ. முடித்த வருடம் ஒரு ஓட்டல் வாசலில் நின்று பார்த்தோமே, சிவப்பு மெழுகு உருண்டை உருண்டையாக ஏறி இறங்கும் கண்ணாடி விளக்கு, ஞாபகம் இருக்கிறதா? காவலாளி விரட்டும் வரை நகரவில்லை. அதை வீட்டிலேயே செய்வது என்று இறங்கினேன். கேட்டவர்களிடம் பேத்திக்கு என்று சொல்லி வைத்தேன்.

முதல் தடவை அசடு வழிந்தது. ஜாடியில் தண்ணீர், அதில் உருக்கிய மெழுகுவர்த்தி, அடியில் எல்.இ.டி. மெழுகு நேராக மேலே போய் மூடி மாதிரி உட்கார்ந்துவிட்டது. மறுநாள் காலையிலும் அங்கேயேதான். மெழுகு தண்ணீரைவிட லேசு. அசல் விளக்கில் கனமான வேறொன்றைச் சேர்த்து, ஆறியிருக்கும்போது அடியில் கிடக்கும்படி செய்கிறார்கள். சூடேறினால் விரிந்து ஏறும், மேலே ஆறியதும் இறங்கும். சரி, சூடு எங்கிருந்து வரும்? குண்டு பல்பிலிருந்து. அது தின்கிற மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சூடாகத்தான் போகிறது. வீண் என்று நாம் திட்டிய அந்தச் சூட்டில்தான் மெழுகே ஆடியது. எல்.இ.டி.யின் வெளிச்சத்தில் அந்தச் சூடு ஏது? முப்பது வருடம் டி.வி. பிரித்தவனுக்கு இது முன்கூட்டியே தோன்றவில்லை பார்.

இங்கிலாந்தில் கிரேவன் வாக்கர் என்பவர் 1963-ல் அந்த விளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவருக்கு யோசனை வந்ததே ஒரு மதுக்கடையில், முட்டை வேகும் நேரம் பார்க்க யாரோ கையால் செய்து அடுப்பில் வைத்திருந்த ஒரு குப்பியைப் பார்த்துத்தான். அது தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

மெழுகை விட்டுவிட்டேன். சூடு இல்லையென்றால் மோட்டார். பழைய கம்ப்யூட்டர் ஃபேனின் நடுவில் இரண்டு சின்ன காந்தங்களை, ஒன்று வடக்கு மேலே, ஒன்று தெற்கு மேலே இருக்கும்படி ஒட்டினேன். அதன்மேல் அக்ரிலிக் தகடு, தகட்டின்மேல் தட்டையான அடியுள்ள கண்ணாடிக் குப்பி. குப்பிக்குள் ஒரு காந்தத் துண்டு. ஃபேன் சுற்றினால் அதுவும் சுற்றும். முதலில் ஆணியை வெட்டி, ஸ்ட்ராவுக்குள் வைத்து இரண்டு முனையையும் உருக்கி ஒட்டிப் போட்டேன். இரண்டே நாளில் துருத் தண்ணீர். அப்புறம் ஆய்வுக்கூடச் சாமான் கடையில், மாத்திரை மாதிரி வெள்ளை உறை போட்ட காந்தத்தை வாங்கினேன்.

தண்ணீரில் என்ன கலந்தேன் தெரியுமா? காக்காப்பொன்! ஆற்று மணலில் பொறுக்கி டவுசர் பையில் நிரப்பினோமே, அதேதான். இப்போது கைவினைக் கடையில் மைக்கா பவுடர் என்று டப்பாவில் விற்கிறார்கள். அரை லிட்டருக்கு ஒரு சிட்டிகை போதும். அதற்கு மேல் போட்டால் வெறும் பால்தான். ஒவ்வொரு துகளும் தட்டையான சின்னக் கண்ணாடி. தண்ணீர் போகிற போக்கில் அதுவும் திரும்பிக்கொள்ளும். அதனால் நீரோட்டமே பட்டுத் துணி மடிப்பு மாதிரி கண்ணுக்குத் தெரிகிறது.

12 வோல்ட் கொடுத்தபோது காந்தம் தெறித்து ஓரத்தில் போய்த் தடதடத்தது. பழைய செல்போன் சார்ஜரின் 5 வோல்ட்டில் சமர்த்தாகச் சுற்றுகிறது. எல்.இ.டி.யும் அதிலேயே: மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த நீலத்துக்கு 100 ஓம் ரெசிஸ்டர், சிவப்புக்கு 150 ஓம். நாலு மூலைக்கு நாலு. சாலிடர் வைக்கும்போது கை லேசாக நடுங்குகிறது, உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

பேத்திக்குப் பிடித்தது நான் எதிர்பார்த்தது இல்லை. ஃபேனை மட்டும் நிறுத்தச் சொல்கிறாள். வெளிச்சம் இருக்க, சுழி மெல்ல அவிழ்ந்து, புகை மாதிரி தொங்கி அடங்குவதைத் தாடையில் கை வைத்துப் பார்க்கிறாள். அதற்காகவே தனி சுவிட்ச் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இரவு ஒன்பதுக்கு மேல் ஃபேன் சத்தம் கேட்கக் கூடாது என்பது உன் தங்கச்சியின் உத்தரவு.

கண் கட்டு பிரித்ததும் ஒரு நடை வா. உன்னிடம் இருந்த பழைய சாலிடரிங் அயர்ன் வேலை செய்தால் அதையும் எடுத்து வா. என்னுடையது முனை தேய்ந்துவிட்டது.

அன்புடன்,
உன் ராஜு