கேப்டன் லட்சுமியின் மருத்துவ வாழ்வையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேப்டன் லட்சுமி சாகல் மறைந்த ஜூலை 23ஆம் நாளை ஒட்டி நம் நாளிதழ்களிலும் வார இதழ்களிலும் வெளிவரும் கட்டுரைகளை ஆண்டுதோறும் தேடிப் படிப்பவள் நான். அரசு மருத்துவமனைகளில், பெரும்பாலும் சிறிய தாலுகா ஊர்களில், மகப்பேறு மருத்துவராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில், அவற்றைப் படித்து முடிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும் ஒரு குறையைத் தங்கள் வாசகர்களின் முன் வைக்க விரும்புகிறேன். நேதாஜியைச் சந்தித்தது, அவரது இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையைத் திரட்டியது, பர்மாவில் சிறைப்பட்டது ஆகியவற்றை மிக விரிவாகச் சொல்லும் இக்கட்டுரைகள், 1947இல் அவருக்குத் திருமணம் ஆனதும், "பின்னர் கான்பூரில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்து வந்தார்" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டு, நேராக 2002ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் தேர்தலுக்குப் போய்விடுகின்றன. அவர் படைச் சீருடையில் இருந்தது மூன்று ஆண்டுகளுக்கும் குறைவு. மருத்துவராக வாழ்ந்ததோ எழுபது ஆண்டுகளுக்கு மேல். அந்த எழுபது ஆண்டுகளைப் பற்றி நாம் ஏன் பேசுவதில்லை என்பதுதான் என் கேள்வி.

1914 அக்டோபர் 24 அன்று சென்னையில் பிறந்தவர் அவர். தந்தை சுவாமிநாதன் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெயர்பெற்ற வழக்கறிஞர். தாய் அம்மு சுவாமிநாதன் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு, பிற்காலத்தில் அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்தவர். வசதியான அந்த வீட்டுப் பெண் எந்தப் படிப்பையும் தேர்ந்தெடுத்திருக்கலாம். அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1938இல் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றார்; பிறகு மகளிர் நோய், மகப்பேறு மருத்துவத்தில் பட்டயமும் பெற்றார்; திருவல்லிக்கேணியில் இன்றும் மக்கள் கோஷா ஆஸ்பத்திரி என்றே அழைக்கும் மருத்துவமனையில் பணியாற்றினார். ஆண் மருத்துவர்களிடம் வர மறுத்த, அல்லது அனுப்பப்படாத, பெண்களுக்காகவே ஏற்பட்ட மருத்துவமனை அது.

அந்தக் காலத்துப் பிரசவ வார்டு எப்படி இருந்திருக்கும் என்பதை இன்றைய வாசகர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். பென்சிலின் அப்போது புழக்கத்துக்கு வரவில்லை. கிருமித் தொற்றுக்குக் கொடுக்கும் சல்ஃபா மருந்துகள் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஸ்கேன் என்ற பேச்சே கிடையாது. நினைத்த நேரத்தில் இரத்தம் ஏற்றும் வசதியும் இல்லை. குழந்தை எந்த நிலையில் இருக்கிறது என்பதை வயிற்றின் மேல் இரு கைகளையும் வைத்துத் தடவித்தான் அறிய வேண்டும். அதன் இதயத் துடிப்பை மரத்தாலான சிறிய குழலைத் தாயின் வயிற்றில் அழுத்திக் காதை வைத்துத்தான் கேட்க வேண்டும். குழந்தை பிறந்த பிறகு கருப்பை சுருங்கி இறுகுகிறதா, தளர்ந்து கிடந்து உதிரம் கொட்டப் போகிறதா என்பதை அடிவயிற்றில் வைத்த கையை எடுக்காமல் நிமிடக்கணக்கில் காத்திருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். எங்களுக்குக் கற்பித்த மூத்த பேராசிரியைகள் இந்தக் கைப்பழக்கத்தைத்தான் முதலில் சொல்லித் தந்தார்கள். கருவிகளை நம்ப வழியில்லாத அத்தகைய வார்டில் தேறிய ஒருவருக்குப் பர்மாவின் காட்டு முகாம்கூட முற்றிலும் புதிய இடமாக இருந்திருக்காது என்பது என் துணிபு.

1940இல் அவர் சிங்கப்பூர் சென்றார். அங்கே அவர் நடத்திய சிகிச்சையகத்துக்கு வந்தவர்களில் இந்தியாவிலிருந்து பிழைக்கப் போன ஏழைத் தொழிலாளர்களே மிகுதி. 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்தபோது, காயம்பட்ட போர்க் கைதிகளுக்கு மருத்துவம் பார்த்தவர்களில் அவரும் ஒருவர். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்து, பெண்களைக் கொண்டு ஒரு படை அமைக்க வேண்டும் என்று சொன்னபோது, அந்தப் பொறுப்பு அவரிடம் வந்தது. அக்டோபர் 21 அன்று அறிவிக்கப்பட்ட சுதந்திர இந்தியத் தற்காலிக அரசில் மகளிர் துறையும் அவருடையதே. அந்தப் படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயாவின் இரப்பர் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்ப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால் கண்டிராதவர்களே அவர்களுள் பலர். பெற்றோர் அந்தப் பெண்களைத் துப்பாக்கிப் பயிற்சிக்கு அனுப்பத் துணிந்ததற்கு நேதாஜியின் பேச்சு ஒரு காரணம் என்றால், இன்னொரு காரணம் அழைக்க வந்தவர் தங்களைப் போன்றவர்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா என்பதாகத்தான் இருக்க முடியும் என்று நான் நினைக்கிறேன்.

போர்முனைக்குச் சென்று சுட வேண்டும் என்ற அந்தப் பெண்களின் ஆசை நிறைவேறவில்லை. 1944இல் ஜப்பானியரோடு சேர்ந்து நேதாஜியின் ராணுவம் மேற்கொண்ட இம்பால் படையெடுப்பு தோல்வியுற்று, மழைக்காலத்தில் படைகள் பின்வாங்கியபோது, குண்டுக்காயம் பட்டவர்களோடு மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும் பட்டினியிலும் நலிந்தவர்களும் திரள் திரளாக வந்து சேர்ந்தார்கள். பர்மாவின் மேமியோ நகரில் அந்தப் படைவீரர்களைப் பராமரித்தவர்கள் ராணிப் படையின் பெண்களே. 1945இல் பிரிட்டிஷ் படையிடம் பிடிபட்ட லட்சுமி, 1946 மார்ச்சில் இந்தியாவுக்கு அனுப்பப்படும்வரை பர்மாவிலேயே வைக்கப்பட்டிருந்தார். இந்தப் பகுதியை நம் கட்டுரையாளர்கள் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள் என்பதால் நான் நீட்டவில்லை.

1947 மார்ச்சில், இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மீது பிரிட்டிஷார் டெல்லியில் நடத்திய செங்கோட்டை வழக்கில் விசாரிக்கப்பட்ட மூவரில் ஒருவரான பிரேம் குமார் சாகலை லாகூரில் மணந்துகொண்டு, இருவரும் கான்பூரில் குடியேறினார்கள். பஞ்சாலைகளும் தோல் பதனிடும் தொழிற்சாலைகளும் நிறைந்த தொழில் நகரம் அது. குடியேறிய சில மாதங்களில் தேசப் பிரிவினையும் வந்தது. எல்லைக்கு அப்பாலிருந்து உடுத்திய துணியோடு வந்து இறங்கிய அகதிகளிடையே அவர் மருத்துவப் பணியைத் தொடங்கினார். இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருவரை ஒருவர் அஞ்சிய அந்த நாட்களில் இரு தரப்பினரும் நம்பி வந்த மருத்துவராக அவர் இருந்தார். ஒரு மருத்துவருக்கு, அதிலும் பிரசவம் பார்ப்பவருக்கு, இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது. வலி கண்ட மருமகளை அழைத்துக்கொண்டு நடு இரவில் ஒரு மாமியார் எந்தக் கதவைத் தட்டுகிறார் என்பதில்தான் ஒரு தெருவின் நம்பிக்கை தெரியும். சிற்றூர்களில் வேலை பார்த்த எங்களைப் போன்றவர்கள் இதைப் பட்டறிவால் அறிவோம்.

குடும்ப மருத்துவரின் வேலைக்குத் தேதி கிடையாது. கருவுற்ற பெண்ணின் இரத்தசோகையைக் கீழிமையை இழுத்துப் பார்த்தே கண்டுகொள்வது, மாத்திரையை அவள் தானே விழுங்குகிறாளா, தயங்கித் தயங்கி வீட்டில் ஒளித்து வைக்கிறாளா என்று விசாரிப்பது, அவளுக்குப் பிறந்த பெண் இருபது ஆண்டுகள் கழித்துத் தன் பிரசவத்துக்கு வரும்போது தாய்க்கு என்ன சிக்கல் நேர்ந்தது என்பதை நினைவில் வைத்திருப்பது, இவற்றை எந்த வரலாற்று ஆசிரியரும் குறித்து வைக்க மாட்டார். ஆனால் கான்பூரில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவர் செய்தது இதைத்தான்.

அந்த மருத்துவ வாழ்வு அவருடைய சிகிச்சையகத்தின் வாசலோடு நின்றுவிடவும் இல்லை. 1971இல் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் வெள்ளமென வந்தபோது, மருந்தும் துணிமணியும் திரட்டிக்கொண்டு மேற்கு வங்க எல்லையிலுள்ள போங்கான் முகாமுக்குச் சென்று பணிபுரிந்தார். (காலராவால் மக்கள் செத்து விழுந்த அதே போங்கானில்தான், அதே ஆண்டில், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்து எண்ணற்ற உயிர்களைக் காத்தார், அந்த முகாம்களின் மருத்துவ வரலாறும் தனியே எழுதப்பட வேண்டியது.) 1984 அக்டோபர் இறுதியில் இந்திரா காந்தி கொல்லப்பட்டதைத் தொடர்ந்து சீக்கியர்களுக்கு எதிரான கலவரம் மூண்டபோது, எழுபது வயதில் தெருவில் இறங்கி வன்முறைக் கும்பல்களை எதிர்கொண்டு, தம் சிகிச்சையகத்தைச் சுற்றியிருந்த நெருக்கமான பகுதியில் சீக்கியர் எவரும், அவர்களது கடை எதுவும் தாக்கப்படாமல் காத்தார். அடுத்து டிசம்பர் 2ஆம் தேதி இரவு போபாலில் நச்சுவாயு கசிந்தபோது மருத்துவக் குழுவொன்றை அழைத்துக்கொண்டு அங்கே சென்றார். அந்த வாயு கருவுற்ற பெண்களை நீண்ட காலத்துக்கு எப்படிப் பாதிக்கும் என்பது குறித்து அவர் பின்னர் அறிக்கை எழுதினார். பேரழிவு நடந்த இடத்தில் எல்லோரும் பிணங்களை எண்ணிக்கொண்டிருக்கும்போது, இனிப் பிறக்கப்போகும் குழந்தைகளைப் பற்றிக் கவலைப்பட ஒரு மகப்பேறு மருத்துவரின் மனம் வேண்டும். அவருடைய வாழ்வில் என்னை மிகவும் நெகிழச் செய்வது இந்தச் செயல்தான்.

2006ஆம் ஆண்டில், தொண்ணூறு வயதைக் கடந்த பிறகும், அவர் கான்பூரில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1998இல் பத்ம விபூஷண் விருது பெற்றதோ, 2002இல் டாக்டர் அப்துல் கலாமை எதிர்த்து இடதுசாரிகளின் வேட்பாளராகக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றதோ அவருடைய மருத்துவப் பணியை நிறுத்திவிடவில்லை. 2012இல் தமது 97ஆம் வயதில் மறைந்தபோது, அவர் விரும்பியபடியே, உடல் கான்பூர் மருத்துவக் கல்லூரிக்கு மாணவர்களின் படிப்புக்காக வழங்கப்பட்டது.

சுதந்திர தின விழாவில் ஒரு சிறுமிக்குக் காக்கிச் சட்டையும் தொப்பியும் அணிவித்து, கேப்டன் லட்சுமி என்று மேடையேற்றும் பள்ளிகளை நான் குறைகூறவில்லை. அந்தக் குழந்தையைக் கண்டால் எனக்கும் பெருமிதம்தான். அதே மேடையில் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புடன் இன்னொரு சிறுமியும் கேப்டன் லட்சுமியாகவே வந்து நின்றால், பார்க்கும் பிள்ளைகளுக்கு அவர் வாழ்வு முழுமையாகப் புரியும் என்கிறேன்.

இது தொடர்பாக எனக்குச் சில வேண்டுகோள்கள் உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் சேரும் முதலாண்டு மாணவர்களுக்கு, அதே கல்லூரியில் பயின்ற இந்த மருத்துவரின் வாழ்வைப் பற்றி ஒரு மணி நேரமாவது சொல்லப்பட வேண்டும்; அவர் பணியாற்றிய திருவல்லிக்கேணி மருத்துவமனையில், பிரசவத்துக்கு வரும் பெண்களும் அவர்களுடன் வருபவர்களும் படிக்கும்படி அவரது வாழ்க்கைக் குறிப்பு எளிய தமிழில் வைக்கப்பட வேண்டும். இவற்றை அரசு எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். தள்ளிப்போட முடியாத வேலை வேறொன்று இருக்கிறது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் கான்பூரில் அவர் கையில் பிறந்த குழந்தைகள் இன்று எழுபது வயதைத் தாண்டியிருப்பார்கள். அவர்களைப் பெற்ற தாய்மார்களில் உயிரோடிருப்பவர் மிகச் சிலரே. அவரோடு வேலை செய்த செவிலியர்களும் மருந்தாளுநர்களும் ஆயாக்களும் முதியவர்களாகியிருப்பார்கள். அவர்களிடம் போய், என்ன நோய்க்கு வந்தீர்கள், என்ன மருந்து தந்தார், கட்டணம் கொடுக்க முடியாதபோது என்ன சொன்னார், எப்போது கோபித்துக்கொண்டார் என்றெல்லாம் கேட்டுப் பதிவு செய்ய இன்னும் சில ஆண்டுகளே நமக்கு வாய்ப்பு உண்டு.

கான்பூரில் வாழும் தமிழர்களும், அங்கே இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் (ஐ.ஐ.டி.) பயிலும் நம் மாணவர்களும் இந்தப் பணியில் கைகொடுக்க முடியும். தங்கள் நாளிதழ் முன்கை எடுத்து அவர்களுக்கு ஓர் அழைப்பு விடுத்து, வரும் நேர்காணல்களுக்கு ஞாயிறு இணைப்பில் இடமளிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நேர்காணல் செய்வோருக்கு மருத்துவம் சார்ந்த கேள்விகளை வகுத்துத் தரவும், வந்த பதில்களில் உள்ள நோய்ப் பெயர்களையும் மருந்துப் பெயர்களையும் சரிபார்த்துக் கொடுக்கவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மகப்பேறு மருத்துவர்,
தஞ்சாவூர் மாவட்டம்.