ஆஸ்மியம் அலமாரியின் சாவியை வைத்திருப்பவர்களுக்கு

மின்னணு நுண்ணோக்கி ஆய்வகத்தின் நேர ஒதுக்கீட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். எந்த ஆய்வகம் என்று எழுதப்போவதில்லை, படித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். மூன்று வருடமாக எங்களுக்கு ஏப்ரலில் மட்டும்தான் நேரம் கிடைக்கிறது. அதனால் எங்களிடம் இருக்கும் படங்கள் எல்லாமே கோடைப் படங்கள். மற்றப் பருவங்களின் மாதிரிகளைக் கெடாமல் பதப்படுத்த ஆஸ்மியம் என்ற ரசாயனம் இருக்கும் உங்கள் அலமாரி திறக்க வேண்டும், அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் பார்ப்பது வேதாரண்யம் பக்கம் உப்பளத்தில் கடல்நீர் தேக்கும் பாத்திகளின் அடியில் படியும் பாசிப்படலம். கத்தியால் ஒரு துண்டு அறுத்துப் பக்கவாட்டில் திருப்பினால் மேலே டயாட்டம்கள் என்ற ஒருசெல் பாசிகளின் பழுப்பு, அடுத்து ஒளிச்சேர்க்கை செய்யும் சயனோபாக்டீரியாவின் கரும்பச்சை, அதற்குக் கீழே ஊதாக் கந்தக பாக்டீரியாவின் ரோஜா நிறம், கடைசியில் அழுகிய முட்டை நாற்றத்தோடு கறுப்பு. இத்தனையும் ஒரு விரல் தடிமனுக்குள். தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் அடியை அடைப்பதும் இந்தப் படலம்தான், அதனால் உப்பளக்காரர்களுக்கும் இதன்மேல் ஓர் அக்கறை உண்டு.

இது வருடம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில் நல்ல தண்ணீர் நிறைந்து மேலே வண்டல் படியும்போது, பல இழைகள் ஒரே உறைக்குள் கயிறுபோல் கிடக்கும் கோலியோஃபாசிகுலஸ் என்ற சயனோபாக்டீரியா, வெளிச்சத்தைத் தேடி வழுக்கி மேலேறுகிறது. கீழே வெறும் உறைகள்தான் மிஞ்சும், பாம்புச் சட்டை மாதிரி. மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவில் லகுனா ஃபிகெரோவா என்ற இடத்தில் 1979, 1980 வெள்ளங்கள் இப்படித்தான் ஒரு படலத்தை மூடின. ஆய்வாளர்கள் லின் மார்குலிஸும் ஜான் ஸ்டோல்ஸும் திரும்பத் திரும்ப அங்கே போனதால்தான் அது மீண்ட கதை நமக்குத் தெரியும். ஏப்ரலில் மட்டும் போயிருந்தால்?

'சாதாரண நுண்ணோக்கி போதாதா' என்று போன கூட்டத்தில் ஒருவர் கேட்டார். போதாது சார். ரோஜா அடுக்கில் அதில் தெரிவதெல்லாம் உருண்டையான செல்களும், சிலவற்றுக்குள் மினுங்கும் கந்தக மணிகளும்தான். ஒளிச்சேர்க்கைச் சவ்வு ஒரு வகையில் குமிழ்களாக, இன்னொரு வகையில் குழாய்களாக இருப்பது மின்னணு நுண்ணோக்கியில் மெல்லிய வெட்டில்தான் தெரியும். எந்தப் பருவத்தில் எந்த வகையின் கை ஓங்குகிறது என்பதே எங்கள் கேள்வி.

ரெசினில் (கெட்டிப்படும் பிசினில்) பதித்த மாதிரித் துண்டு வருடக்கணக்கில் கெடாது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரெசினுக்கு முன்னால் ஆஸ்மியம் டெட்ராக்சைடு வேண்டுமே. செல்லை இருந்தபடியே நிறுத்தும் முதல் மருந்தான குளூட்டரால்டிஹைடை நாங்களே பாத்தி ஓரத்தில் ஊற்றிவிடுகிறோம் (அந்தப் பாத்தியின் உப்புச் செறிவுக்கே கலக்கி, இல்லாவிட்டால் செல் சுருங்கும் அல்லது வெடிக்கும்). அது புரதத்தைப் பிடிக்கும், சவ்வின் கொழுப்பைப் பிடிக்காது. கொழுப்புக்கு ஆஸ்மியம்தான். அது நச்சு, விலையும் கொள்ளை, பூட்டித்தான் வைக்க வேண்டும், அதில் வாக்குவாதமே இல்லை. ஆனால் நுண்ணோக்கி நேரம் இருப்பவருக்கு மட்டும் அந்த அலமாரி திறக்கும் என்ற விதி யார் போட்டது? போன டிசம்பரில் எடுத்த மாதிரித் துண்டு ஏப்ரல் வரை ஃப்ரிட்ஜில் குளூட்டரால்டிஹைடிலேயே கிடந்தது. வெட்டிப் பார்த்தால் சவ்வு இருக்க வேண்டிய இடமெல்லாம் வெளிறிய ஓட்டை. போதாக்குறைக்கு ஜிப்சத் துகள் ஒன்று உங்கள் வைரக் கத்தியைப் பதம் பார்த்தது. அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், இனி கண்ணாடிக் கத்தியில் சோதித்துவிட்டுத்தான் வைரத்துக்குப் போவோம்.

ஆக, நுண்ணோக்கி நேரத்தை நாங்கள் கூட்டிக் கேட்கவில்லை. ஏப்ரலில் தரும் இரண்டு நாளே இருக்கட்டும். நச்சு ஆவியை இழுக்கும் புகைபோக்கி மேசையும் ஆஸ்மியமும் வருடத்தில் நான்கு அரைநாள், உங்கள் தொழில்நுட்பர் பக்கத்தில் இருக்கும்போதே போதும்: மழைக்கு முன் செப்டம்பர் கடைசியில், மழைக்குள் நவம்பரில், தண்ணீர் வடிந்து படலம் திரும்ப ஒட்டும் பிப்ரவரியில், அப்புறம் வெயில் உச்சத்தில் மே மாதம். ஆஸ்மியம் செலவை எங்கள் திட்டப் பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பருக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. ஒரு வரி பதில் போட்டால் பாத்திக்காரரிடம் தேதி சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
ஏப்ரல் படங்களோடு மட்டும் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆய்வாளர்