ஹீட் சிங்க் மேல் ஒட்டியிருக்கும் அந்த ஸ்டிக்கரை எடுத்துவிடுங்கள்: கணினித் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

முழுதாகக் கோத்து, மூடி, சீல் வைத்து டெஸ்க்டாப் கணினி விற்கும் நிறுவனங்களின் சேவைப் பிரிவுத் தலைமைக்கு,

வணக்கம்.

உங்கள் கணினிகள் சூடாகின்றன என்பது உங்களுக்குப் புதிய செய்தி அல்ல. புகார்ப் பதிவேடே உங்களிடம்தான் இருக்கிறது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். ப்ராசஸர் மேல் உட்கார்ந்து அதன் சூட்டை இறக்கும் கூலரை (ஹீட் சிங்க் என்ற உலோகத் தகடுகளும் ஃபேனும் சேர்ந்தது) கழற்றி, தூசி தட்டி, இரண்டுக்கும் நடுவே வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றித் திரும்ப மாட்ட, கணினியை வாங்கியவருக்கு அனுமதி கொடுங்கள். அப்படிச் செய்தால் வாரன்ட்டி போகாது என்று எழுத்தில் கொடுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

இதை எழுத வைத்தது உங்களில் ஒரு நிறுவனம். பெயர் சொல்லப்போவதில்லை. படிக்கும்போது உங்களில் பலருக்கும் 'நம்மைத்தான் சொல்கிறாரோ' என்று தோன்றினால் அதுவே போதும்.

நான் வீடியோ எடிட்டிங் செய்து பிழைப்பவன். வாங்கிய புதிதில் ஒழுங்காக ஓடிய கணினி, போகப்போக நீண்ட ரெண்டரிங்கின் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை) நடுவே ஃபேன் அலற ஆரம்பித்து, அப்புறம் திடீரென்று அணைந்துபோகும் நிலைக்கு வந்தது. வெப்பநிலையைக் காட்டும் மென்பொருளைத் திறந்து வைத்தால், வேலை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே 100 டிகிரியைத் தொட்டுவிடுகிறது. கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஃபேனுக்கு அடியில், ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு இடையே காற்று நுழைய வேண்டிய இடமெல்லாம் தூசி அடைத்துக் கிடந்தது. கூலரைப் பிடித்திருப்பவை நான்கே திருகுகள். அவற்றில் ஒன்றின் மேல்தான் உங்கள் ஸ்டிக்கர்: கிழிந்தால் வாரன்ட்டி செல்லாது.

சரி, விதிப்படியே போவோம் என்று சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். சில நாள் கழித்து அறிக்கை வந்தது: 'சோதித்தோம், குறை எதுவும் இல்லை.' எப்படிச் சோதித்தீர்கள் என்று கேட்டதற்கு அங்கிருந்த டெக்னீஷியன் மறைக்காமல் காட்டினார். ஏசி அறை. பக்கவாட்டுத் தகடு கழற்றி ஓரமாக வைக்கப்பட்டிருக்கிறது. கணினி எந்த வேலையும் செய்யாமல் வெறும் டெஸ்க்டாப்பைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வந்தவரைக் கட்டிலில் படுக்க வைத்து நாடி பார்த்து அனுப்புவது போன்ற சோதனை இது. "கொஞ்சம் லோடு கொடுத்துப் பாருங்களேன்" என்றேன். "லோடு டெஸ்ட் எங்க செக்லிஸ்ட்லயே இல்ல சார்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பேஸ்ட் காய்ந்திருக்கும், தூசியும் எடுக்க வேண்டும் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. ஆனால் ஸ்டிக்கரைக் கிழிக்க அவருக்கும் மேலிடத்து அனுமதி வேண்டுமாம்.

அனுமதி கேட்டு எழுதினேன். பதில் மிகவும் மரியாதையாக வந்தது. தூசி படிவது உற்பத்திக் குறைபாடு அல்ல, ஆகவே அதைச் சுத்தம் செய்வது வாரன்ட்டியில் வராது. அதே கடிதத்தில் இரண்டு பத்தி தள்ளி: நானே சுத்தம் செய்தால் வாரன்ட்டி ரத்து. அதாவது நீங்களும் துடைக்க மாட்டீர்கள், நானும் துடைக்கக் கூடாது. தூசிக்கு மட்டும் முழு வாரன்ட்டி.

பேஸ்ட் என்ன பெரிய விஷயம் என்று உங்கள் சட்டப் பிரிவு நினைக்கலாம். பொறியியல் பிரிவைக் கேட்டால் சொல்வார்கள். ப்ராசஸரின் மூடியும் கூலரின் அடிப்பகுதியும் கண்ணுக்குத்தான் வழவழப்பு. நுண்ணிய மேடு பள்ளங்களுக்கு நடுவே காற்று நிற்கும். செம்பு ஒரு மீட்டருக்கு ஒரு கெல்வினுக்கு ஏறக்குறைய 400 வாட் கடத்தும் என்றால், காற்று கடத்துவது 0.026 வாட். அந்த இடைவெளியை நிரப்பத்தான் பேஸ்ட். கணினி சூடாகி ஆறி, சூடாகி ஆறி, உலோகம் விரிந்து சுருங்கும்போதெல்லாம் அது கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது, காய்கிறது. பழையதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, நடுவில் ஒரு பொட்டு வைத்து, திருகுகளைக் குறுக்குக்குறுக்காக மாற்றி மாற்றி இறுக்கினால் வேலை முடிந்தது. இதற்கு ஒரு முழு மதர்போர்டை மாற்றித்தர, அதுவும் கட்டணத்துக்கு, முன்வருகிறீர்கள் பாருங்கள், அந்தத் தாராள மனம் யாருக்கு வரும்!

'ப்ராசஸர் தன்னைத் தானே பாதுகாத்துக்கொள்ளும், எரிந்துபோகாது' என்றும் அந்தக் கடிதத்தில் இருந்தது. உண்மைதான். எல்லையைத் தொட்டதும் வேகத்தைக் குறைக்கும், அதற்கும் மேல் போனால் மொத்தமாக நிறுத்திவிடும். வேலை செய்யாமல் இருப்பதன் மூலம் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. நான் வாங்கிய பெட்டியில் 4.9 கிகாஹெர்ட்ஸ் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தீர்கள். ரெண்டரிங் நடுவில் அதில் பாதிகூடத் தேறுவதில்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உதாரணத்துக்கு, இன்டெல் கோர் ஐ7 12700 என்ற ப்ராசஸரின் அடிப்படைச் சக்தி 65 வாட். டர்போவில், அதாவது வேகத்தை ஏற்றி ஓடும்போது, அதிகபட்சம் 180 வாட். இரண்டு எண்களையும் இன்டெல்லே வெளியிட்டிருக்கிறது. உங்கள் விளம்பரத்தில் இருப்பது 180 வாட் தரும் வேகம், கேபினெட்டுக்குள் இருப்பது 65 வாட்டுக்கு அளவெடுத்த கூலர். முன்பக்கத்தில் காற்று வர வேண்டிய இடத்தில் கண்ணாடி. அதற்குப் பின்னால் வண்ண விளக்கு போட்ட மூன்று ஃபேன்கள், ஒரு விரல்கூட நுழையாத இடுக்கு வழியாகக் காற்றை இழுக்கப் பாடுபடுகின்றன. பாவம், வேகத்தை ஏற்றித்தான் ஈடுகட்ட முடியும். ஃபேனின் வேகம் இரண்டு மடங்கானால் காற்று இரண்டு மடங்குதான் வரும், ஆனால் இழுக்கும் மின்சாரம் எட்டு மடங்காகும், சத்தம் சுமார் 15 டெசிபல் ஏறும். விளக்குகள் மட்டும் எந்த வெப்பத்திலும் குறையில்லாமல் எரிகின்றன.

சரி, நல்ல கூலராக நாமே வாங்கி மாட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. உலகமே 4 பின் ஃபேன் இணைப்பைப் பயன்படுத்தும்போது உங்களில் சிலருக்கு ஐந்தாவது பின் தேவைப்படுகிறது. வேறு ஃபேன் மாட்டினால் ஒவ்வொரு முறை கணினியைப் போடும்போதும் 'ஃபேன் பழுது' என்று நின்றுகொண்டு, ஒரு விசையை அழுத்தச் சொல்கிறது. கூலர் திருகும் துளைகளும் உங்கள் சொந்த அளவு. ஏ.எம்.டி நிறுவனத்தின் ஏ.எம்.4 சாக்கெட்டுக்கு (ப்ராசஸரைப் பொருத்தும் இடம்) வாங்கிய கூலர்களில் பெரும்பாலானவை 2022இல் வந்த ஏ.எம்.5க்கும் பொருந்துகின்றன. சாக்கெட்டையே மாற்றிய நிறுவனத்தால் முடிந்தது, பெட்டியை மட்டும் செய்யும் உங்களால் ஏன் முடியாது?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்க வந்தது கூலரைக் கழற்றும் அனுமதியை மட்டும்தான்.

உங்கள் பக்கத்துப் பயமும் புரியாமல் இல்லை. அனுபவமில்லாத ஒருவர் கூலரை வெடுக்கென்று இழுத்தால், காய்ந்த பேஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு ப்ராசஸரும் சேர்ந்து வந்துவிடும். ஏ.எம்.4 கணினிகளில் இது நடந்திருக்கிறது, பின்கள் வளைந்திருக்கின்றன. கணினியைக் கொஞ்ச நேரம் ஓட்டிப் பேஸ்ட்டை இளகவிட்டு, அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, கூலரை மெல்லத் திருகி எடுத்தால் ப்ராசஸர் கூடவே வராது. இன்டெல்லின் சாக்கெட்டுகளிலும் ஏ.எம்.5இலும் ப்ராசஸரை ஓர் உலோகச் சட்டமே அழுத்திப் பிடித்திருக்கிறது. இதையெல்லாம் கையேட்டில் ஒரு பக்கத்தில், நான்கு படங்களோடு போடலாம். இப்போது அந்தப் பக்கத்தில் 'கணினியை நீச்சல் குளத்துக்கு அருகில் பயன்படுத்தாதீர்கள்' என்று இருக்கிறது. நிச்சயமாகச் செய்ய மாட்டோம். உடைத்தால் உடைத்ததற்கு நாங்கள் பொறுப்பு, அதில் தகராறு இல்லை. துடைத்ததற்கும் நாங்களே தண்டனை அனுபவிக்க வேண்டும் என்பதுதான் புரியவில்லை.

இது ஏதோ நடக்காத காரியமும் அல்ல. 'பிரித்தால் வாரன்ட்டி போச்சு' என்ற மாதிரி நிபந்தனைகள் சட்டத்துக்கு முரணாக இருக்கலாம் என்று அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 2018இல் ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதியது. 2024இல் ஸ்டிக்கர் விஷயமாகக் கணினி உதிரிபாகம் தயாரிக்கும் சிலருக்கும் எழுதியது. சட்டம் வந்து கேட்கும்வரை காத்திருக்காமல் வாடிக்கையாளர் கேட்கும்போதே கொடுத்தால் உங்களுக்கும் நல்ல பெயர்.

ஆகவே மறுபடியும், பணிவாகவே: திருகின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரை எடுங்கள். கூலரைக் கழற்றிச் சுத்தம் செய்து பேஸ்ட் மாற்றுவது பயனரின் வழக்கமான பராமரிப்பு என்று வாரன்ட்டி அட்டையில் ஒரு வரி சேருங்கள். ஏற்கெனவே விற்ற கணினிகளுக்கும் அது பொருந்தும் என்று அறிவியுங்கள். சர்வீஸ் சென்டர் செக்லிஸ்ட்டில், பக்கவாட்டுத் தகட்டை மூடி வைத்து லோடு கொடுத்துப் பார்க்கும் சோதனையையும் சேர்த்தால் பெரிய உதவியாக இருக்கும்.

முடியாது என்றால் அதையாவது பெட்டியின் வெளிப்புறத்தில், அந்த 4.9 கிகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அச்சடியுங்கள். வாங்குவதா வேண்டாமா என்று கடையிலேயே முடிவு செய்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கணினியை வாங்கிய ஒருவன்