பட்டாணியில் பூவும் காயும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பச்சைப் பட்டாணியில் ஒரு கணுவுக்கு ஐந்து பூ வரை பூக்கும் செடிகள் உருவாக்கப்பட்டிருப்பதாக வேளாண் பக்கங்களில் அவ்வப்போது செய்தி வருகிறது. வாரணாசியிலுள்ள இந்தியக் காய்கறி ஆராய்ச்சி நிறுவனத்தின் இப்பணி பாராட்டத்தக்கது; நாம் பயிரிடும் ரகங்கள் பெரும்பாலும் ஒரு கணுவில் ஒன்றிரண்டு பூவோடு நின்றுவிடுபவை. ஆனால் பூ கூடினால் மகசூலும் அதே விகிதத்தில் கூடிவிடும் என்று நம்பும்படி அச்செய்திகள் எழுதப்படுவது சரியன்று.

ஒரு கணுவிலிருந்து எழும் ஒரே காம்பில் வரும் பூக்கள் ஒரே நாளில் மலர்வதில்லை. அடியிலுள்ளது முதலில் காய்பிடித்து, செடியின் உணவை இழுத்துக்கொள்கிறது. நுனியில் பின்னால் வருபவை உதிர்ந்துவிடுகின்றன, அல்லது ஓரிரு மணிகளோடு சிறுத்த காய்களாக நிற்கின்றன. ஒரு செடியின் காய் எண்ணிக்கை, ஒரு காயிலுள்ள மணிகள், மணியின் எடை ஆகிய மூன்றும் சேர்ந்ததே மகசூல் என்பதாலும், இவற்றில் ஒன்றை உயர்த்தும்போது மற்றொன்று குறைவது வழக்கம் என்பதாலும், ஐந்து பூ என்பதைவிட ஐந்தில் எத்தனை முழுக் காயாக நிரம்பின என்பதே விவசாயிக்குத் தேவையான கணக்கு. சந்தையில் சுருங்கிய காய்க்கு விலை கிடையாது.

புதிய ரகங்களை உருவாக்கும் இனவிருத்தியாளரின் பாடும் எளிதன்று. மொட்டு விரியுமுன்பே மகரந்தச் சேர்க்கை முடிந்துவிடும் பயிர் இது. பட்டாணிச் செடிகளைக் கொண்டு மரபியல் விதிகளைக் கண்ட மெண்டலுக்கு வசதியாக இருந்த இக்குணம், இரு ரகங்களைக் கலப்பினம் செய்பவருக்குத் தொல்லையாகிறது. முதிராத மொட்டைப் பிரித்து, மகரந்தம் தரும் ஆண் உறுப்புகளான பத்துக் கேசரங்களையும் சிதையாமல் அகற்றி, வேறு செடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். பல பூ பூக்கும் தன்மை, இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படும் ஒடுங்கு மரபணுக்களைச் சார்ந்திருப்பின் முதல் தலைமுறையில் அது மறைந்தே இருக்கும். அடுத்த தலைமுறையில் பிரிந்து வெளிப்படும் செடிகளைத் தேர்ந்து, பண்பு நிலைபெறும்வரை ஆண்டுக்கணக்கில் வளர்த்து, வேண்டாதவற்றைக் கழிக்க வேண்டியிருக்கிறது. கூடவே, முன்கூட்டியே பூக்கும் தன்மை, சாம்பல் நோய் எதிர்ப்பு, மணியின் இனிப்பு ஆகியவையும் ஒரே செடியில் வந்தாக வேண்டும். இனிப்பை மட்டும் முன்னிறுத்தி மற்றவற்றைக் கைவிட்ட ரகம் சமையலறையில் வெற்றி பெறலாம், வயலில் நிலைக்காது.

இவற்றையெல்லாம் கடந்து வரும் விதையும் எங்கே சோதிக்கப்பட்டது என்பது முக்கியம். பட்டாணி குளிரை நாடும் பயிர். பூக்கும் பருவத்தில் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் பூ கொட்டும், காய்பிடிப்பு குறையும். கங்கைச் சமவெளியில் குளிர்காலப் பயிராக அளக்கப்பட்ட மகசூலை, மழையும் பனிமூட்டமும் மாறி மாறி வரும் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அப்படியே பொருத்திப் பேசுவது தவறு. ஊட்டி தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஊட்டி 1 என்ற ரகம் ஏற்கெனவே வந்திருக்கிறது. பல பூ பூக்கும் புதிய செடி வகைகளை அதனுடன் அருகருகே விதைத்து, மலைப்பகுதியின் இரண்டு பருவங்களிலும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே பரிந்துரை வழங்கப்பட வேண்டும்.

ஹெக்டேருக்கு ஏறத்தாழ 100 கிலோ விதை தேவைப்படும் பயிரில் விதைச்செலவு சிறிதன்று. நிலைபெற்ற ரகம் தன்மகரந்தத்தால் கருவுறுவதால், விவசாயி தன் அறுவடையிலிருந்தே நல்ல விதையை எடுத்து வைத்துக்கொள்ளலாம். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டமும் இதை அனுமதிக்கிறது. புதிய ரகத்தை அறிவிக்கும்போது இச்செய்தியையும் சேர்த்துச் சொல்ல அதிகாரிகள் ஏனோ தயங்குகிறார்கள்.

ஆகவே, இத்தகைய அறிவிப்புகளை வெளியிடும்போது ஒரு காம்பில் நிரம்பிய காய்களின் எண்ணிக்கை, முதல் பறிப்புக்கான நாள், பறிப்புகளின் எண்ணிக்கை, சோதனை நடந்த ஊரும் பருவமும் ஆகியவற்றை ஆராய்ச்சி நிறுவனங்களிடம் கேட்டுப் பெற்று அச்சிடுமாறு தங்கள் செய்தியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மலைக்காய்கறி விவசாயி ஒருவர்,
கோத்தகிரி.