குணாவுக்கு, புக்கிட் ஜாலில் போய்வந்த பிறகு

கிள்ளான்,
8.6.2025

அன்பு குணா,

"இருபதுக்கு இருபது. இனிமே வாயைத் திறப்பியா?" என்று ஏப்ரல் கடைசியில் வாட்ஸ்அப்பில் அனுப்பினாய். டோட்டன்ஹாம் ஸ்பர்சை 5-1 என்று அடித்து உன் லிவர்பூல் இங்கிலாந்து லீக்கைத் தூக்கி, என் மான்செஸ்டர் யுனைடெட்டின் இருபது லீக் பட்டத்தைச் சமன் செய்த அன்றைக்கு ராத்திரி. நான் பதில் போடவில்லை. கோபமெல்லாம் இல்லை, சொல்வதற்கு ஒன்றும் இல்லை, அதுதான். லிவர்பூல் ஊர்வலத்துக்குள் கார் புகுந்த செய்தியைப் பார்த்ததும் உனக்கு முதல் போன் போட்டது நான்தான். அதற்காகவாவது இந்தக் கடிதத்தைப் பொறுமையாகப் படி. தங்கச்சிக்குக் கண் ஆப்பரேஷன் நல்லபடி முடிந்ததில் இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல்.

விஷயத்துக்கு வருகிறேன். மே 28ஆம் தேதி பேரனைக் கூட்டிக்கொண்டு புக்கிட் ஜாலில் ஸ்டேடியத்துக்குப் போனேன். மான்செஸ்டர் யுனைடெட் வருகிறது, ஆசியான் ஆல்ஸ்டார்ஸ் அணியோடு ஆடுகிறது என்று மகன் டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். உனக்கு ஞாபகம் இருக்கும், அந்த இடம் முன்பு ரப்பர் தோட்டம். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு ஸ்டேடியத்துக்கு முன்னால் பால்மரம்தான் கண்ணில் படும். 72,000 பேருக்கு மேல் கூட்டம். எல்ஆர்டி ரயிலில் நிற்க இடமில்லை. முழுக்கச் சிவப்பு ஜெர்சி. ஒரு வாரம் முன்புதான் பில்பாவோவில் ஐரோப்பா லீக் இறுதியாட்டத்தில் ஸ்பர்சிடம் 1-0 என்று தோற்றிருந்தார்கள். லீக்கில் 15ஆவது இடம். இருந்தும் வந்திருக்கிறார்கள் பார், நம்ம சனங்கள்!

2009இல் அதே திடலில் நானும் மகனும் பார்த்தோம். சாம்பியனாக வந்தார்கள். மலேசியா இரண்டு கோல் போட்டது, இரண்டும் அம்ரி யாஹ்யா. கடைசியில் 3-2 என்று யுனைடெட் ஜெயித்தது. அன்றைக்குத் தோற்ற நம்ம ஆட்களுக்கும் கைதட்டு, ஜெயித்த அவர்களுக்கும் கைதட்டு. இந்தத் தடவை? அவர்களைப் பார்த்தால் வேலை நேரம் முடிந்தும் ஓவர்டைமுக்குப் பிடித்து நிறுத்தி வைத்த ஆட்கள் மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இங்கிலாந்தில் கடைசி ஆட்டம், உடனே விமானம், புதன்கிழமை இங்கே. பந்து காலுக்கு வந்தால் பக்கத்தில் தட்டிவிடுவான், அவன் பின்னால் தட்டிவிடுவான். எதிரில் இருந்தவர்கள் பல நாட்டிலிருந்து வந்து சில நாள் சேர்ந்து பயிற்சி எடுத்தவர்கள். 71ஆவது நிமிடம் மியன்மார்க்காரர் மாவுங் மாவுங் லுவின் கோல் போட்டார். ஸ்டேடியமே எழுந்தது. நானும் எழுந்து கை தட்டிவிட்டேன். பேரன் என் சட்டையைப் பிடித்து இழுக்கிறான்: "தாத்தா, நாம யாரு பக்கம்?"

ஆட்டம் முடிந்ததும் ஊளையிட்டார்கள் பார், நம்ம ஊர்க்காரர்கள் காசு கொடுத்துப் பார்க்க வந்த விருந்தாளியை அப்படி ஊளையிட்டு நான் கேட்டதில்லை. இந்த ஊளை எங்களுக்குத் தேவைப்பட்டதோ என்னவோ என்கிற மாதிரி யுனைடெட் பயிற்சியாளர் அமோரிமே பிறகு பேசினார். அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து தூக்கம் வரவில்லை. விடிகாலை போலந்தில் கான்ஃபரன்ஸ் லீக் இறுதியாட்டம், லண்டன் செல்சியும் ஸ்பெயினின் பெட்டிசும். சும்மா போட்டேன். பெட்டிசில் யார் ஆடுகிறான்? ஆன்டனி. யுனைடெட் 80 மில்லியன் பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கி, ஆடத் தெரியாதவன் என்று இரவல் கொடுத்த ஆள். செல்சியில் யார் கோல் போடுகிறான்? சாஞ்சோ. அவனும் 73 மில்லியனுக்கு வாங்கி இரவல் கொடுத்த ஆள். 150 மில்லியனுக்கு மேல் விலைபோன, ஓரத்தில் ஓடி ஆடும் இரண்டு விங்கர்களும் ஒரே இறுதியாட்டத்தில் எதிரெதிரே ஆடுகிறார்கள். அவர்களை வாங்கிய கிளப் எங்கள் ஊரில் மியன்மார்க்காரரிடம் கோல் வாங்கிக்கொண்டு ஹோட்டலில் படுத்திருக்கிறது. அதற்கு ஐந்து நாள் முன்னால் நாப்போலி இத்தாலி லீக்கை ஜெயித்ததே, அந்த ஆட்டத்தில் இரண்டு கோல். ஒன்று மெக்டாமினே, மற்றது லுக்காக்கு. இரண்டு பேருமே யுனைடெட் விற்ற ஆட்கள்! சிரிக்கிறாயா? சிரி. நானும் அந்த அதிகாலையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். வீட்டுக்காரி எழுந்து வந்து நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள்.

குணா, நான் 31 வருசம் செம்பனை ஆலையில் கணக்குப் பார்த்தவன். எங்கள் ஆலை ஸ்டோர் ரூமைப் பற்றி உன்னிடம் புலம்பியிருக்கிறேன். மேனேஜர் மாறும்போதெல்லாம் புது ஆள் தனக்குப் பழகிய கம்பெனியின் எண்ணெய் பிழியும் ஸ்க்ரூ பிரஸ்தான் வேண்டும் என்பார். தலைமை அலுவலகமும் கையெழுத்துப் போடும். மூன்று வருசத்தில் அவர் மாற்றலாகிப் போவார், அடுத்தவர் வேறு கம்பெனி மெஷின் கேட்பார். ஒன்றின் பாகம் மற்றதில் பொருந்தாது. நான் ஓய்வு பெறுகிறபோது நாலு கம்பெனியின் உதிரிபாகம் பெட்டி பிரிக்காமல், எண்ணெய்க் காகிதம்கூடக் கழற்றாமல் ஸ்டோரில் கிடந்தது. வருசா வருசம் நான்தான் அதை எண்ணி, தேய்மானம் போட்டு எழுதுவேன். ஆலை ஓடிக்கொண்டிருந்த ஒரே பழைய பிரஸுக்கு மட்டும் பாகம் கிடைக்காது.

யுனைடெட் ஆட்டக்காரர் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஸ்டோர்தான். 2013இல் நெடுங்காலப் பயிற்சியாளர் ஃபெர்கூசனும் ஓய்வு பெற்றார், நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த டேவிட் கில்லும் அதே கோடையில் போனார். சமையல்காரரும் போய், சந்தைக்குப் போய் மீன் பார்த்து வாங்குகிறவரும் போன வீடு. கில்லின் இடத்துக்கு வந்த வுட்வர்ட் பேங்க் ஆள். முதல் கோடையிலேயே ஃபெல்லாய்னி என்ற ஆட்டக்காரரை வாங்கிய கதை. எவர்டன் கிளப்போடு அவர் போட்ட ஒப்பந்தத்தில் 23.5 மில்லியன் கொடுத்தால் விட்டுவிட வேண்டும் என்று ஒரு விதி, ஜூலை கடைசியோடு அது காலாவதி. இவர்கள் அது காலாவதியாகும்வரை சும்மா இருந்துவிட்டு, செப்டம்பரில் சந்தை மூடுகிற கடைசி நேரத்தில் 27.5 மில்லியன் கொடுத்தார்கள். தள்ளுபடி முடிந்த மறுநாள் கடைக்குப் போய் முழு விலை கொடுக்கிறவனை நம்ம தோட்டத்தில் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவோம் என்று உனக்குத் தெரியும்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். பயிற்சியாளராக வான் ஹால் வந்தார், டி மரியா 59.7 மில்லியன், ஒரே வருசத்தில் பாரிசுக்கு. மொரின்யோ வந்தார், போக்பா 89 மில்லியன். 2012இல் காசில்லாமல் யுவென்டசுக்கு விட்ட பையன் அவன். 2022இல் மறுபடியும் காசில்லாமல் யுவென்டசுக்கே போனான். இந்தப் பதிவை எந்தப் பேரேட்டில் எப்படி எழுதுவது? டென் ஹாக் வந்தார், அயாக்சில் தன்னிடம் ஆடியவர்களாக மார்ட்டினெஸ், ஆன்டனி, ஒனானா, டி லிக்ட், மஸ்ராவி என்று வரிசையாக வந்தார்கள். கசமிரோவுக்கு 30 வயது, நாலு வருச ஒப்பந்தம். அந்த ஆள் நல்ல ஆட்டக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் 30 வயது மாட்டை வாங்கி வண்டியில் பூட்டிவிட்டு நாலு வருசம் மேடு ஏறு என்றால்?

போன வருசம் நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மே மாதம் டென் ஹாக் எஃப்ஏ கோப்பை இறுதியில் மான்செஸ்டர் சிட்டியை ஜெயித்தார். ஜூலையில் ஒப்பந்தத்தை நீட்டினார்கள். ஏறக்குறைய 200 மில்லியன் செலவு செய்து அவர் சொன்ன ஆட்களை வாங்கினார்கள். அக்டோபரில் வேலையை விட்டு நீக்கினார்கள். அவருக்கும் அவர் ஆட்களுக்கும் இழப்பீடு 10.4 மில்லியன். விளையாட்டு இயக்குநர் என்று நியூகாசிலிலிருந்து மாதக் கணக்கில் காத்திருந்து, அதற்கும் காசு கொடுத்துக் கூட்டிவந்த ஆஷ்வொர்த் ஐந்து மாதத்தில் போனார். பிறகு வந்த அமோரிம் மூன்று தடுப்பாளர், ஓரத்தில் தடுக்கவும் தாக்கவும் ஓடும் இரண்டு விங்பேக் என்று ஆட்டத்தை அமைக்கிறவர். ஸ்டோர் நிறைய விங்கர் கிடக்கிறது, அவர் ஆட்டத்தில் விங்கருக்கு இடமே கிடையாது. 38 ஆட்டத்தில் 44 கோல், 18 தோல்வி, 42 புள்ளி. 1974இல் கீழ் டிவிஷனுக்கு இறங்கிய பிறகு இவ்வளவு மோசமான சீசன் இல்லை. உன் லிவர்பூல் அதே கோடையில் அணியில் சேர்த்தது கியேசா ஒருவனை மட்டும்தான், ஆரம்ப விலை 10 மில்லியன். பயிற்சியாளர் கிளாப் போனார், ஸ்லாட் வந்தார், இருந்த ஆட்களே புது ஆளுக்கும் பொருந்தினார்கள். ஏனென்றால் அங்கே ஆள் எடுப்பது பயிற்சியாளரின் விருப்பப் பட்டியலை மட்டும் வைத்து இல்லை. இதை உன்னிடம் எழுத்தில் கொடுக்கிறேன், ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்.

நீ எப்போதும் சொல்வது கிளேசர் குடும்பத்தின் கடன். உண்மைதான். 2005இல் கிளப்பை வாங்க எடுத்த கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டினார்கள். மாப்பிள்ளை சீதனமாக வாங்கிய வண்டிக்குப் பெண்ணே தவணை கட்டுகிற கதை. அந்தக் காசு ஸ்டேடியத்துக்குப் போயிருந்தால் போன வருசம் ஆர்சனல் ஆட்டத்தன்று ஓல்ட் டிராஃபோர்ட் கூரையிலிருந்து அருவி கொட்டியிருக்காது. ஆனால் ஆட்டக்காரர் வாங்கக் காசு இல்லை என்று மட்டும் சொல்லாதே. காசு போய்க்கொண்டேதான் இருந்தது.

மெக்டாமினேவை ஏன் விற்றார்கள் என்று கேட்டாய் அல்லவா. அது என் தொழில், சொல்கிறேன். ஒருவனை 80 மில்லியனுக்கு ஐந்து வருச ஒப்பந்தத்தில் வாங்கினால் வருசம் 16 மில்லியன் என்று பிரித்துத்தான் செலவு எழுதுவார்கள். மூன்று வருசம் கழித்து அவனைப் புத்தகத்தில் மீதி இருக்கும் 32 மில்லியனுக்குக் குறைவாக விற்றால் அந்த வருசக் கணக்கில் நட்டம் விழும். அதனால்தான் விற்க முடியாமல் இரவல், இரவல் என்று அனுப்புகிறார்கள். மெக்டாமினே மாதிரி சிறுவனாகச் சேர்த்து வளர்த்த பையனுக்குப் புத்தகத்தில் மதிப்பு பூஜ்யம். விற்ற 25 மில்லியனும் முழு லாபம். லீக்கின் நட்ட வரம்புக்குள் நிற்க வேண்டும் என்றால் வெளியே வாங்கிய சரக்கை வைத்துக்கொண்டு, வீட்டுப் பிள்ளையை விற்கச் சொல்கிறது கணக்கு. அந்தப் பிள்ளை போன முதல் வருசமே இத்தாலியில் லீக் சாம்பியன், சீசனின் சிறந்த ஆட்டக்காரர். நானே இந்த மாதிரிக் கணக்கை எத்தனையோ எழுதியிருக்கிறேன். காகிதத்தில் சுத்தமாகத்தான் இருக்கும்.

பிரிட்டிஷ் கோடீஸ்வரர் ராட்கிளிஃப் கிளப்பில் 27 சொச்சம் சதவீதப் பங்கு வாங்கிக்கொண்டு வந்தபோது எனக்கும் நம்பிக்கை இருந்தது. வந்த முதல் வருசம் 250 பேருக்கு வேலை போனது. இந்த வருசம் இன்னும் 200 பேர் வரை என்றார்கள். ஓல்ட் டிராஃபோர்ட் ஊழியர்களுக்குக் கேண்டீனில் போட்ட மதிய சாப்பாட்டை நிறுத்திப் பழம் கொடுத்தார்கள். இதைப் படித்தபோதுதான் குணா, எனக்குள் ஏதோ விட்டுப்போனது. எங்கள் ஆலையில் பெரிய இயந்திரம் ஒன்றைத் தப்பாக வாங்கி நட்டமான வருசம், முதலில் வெட்டியது இரவு ஷிப்டுக்குப் போட்ட டீயும் ரொட்டியும். அந்தச் சுற்றறிக்கையை டைப் அடித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டியது நான். மாதம் அதில் மிச்சம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். சொன்னால் வெட்கம். பாய்லர் மேன் நாகப்பன் அண்ணன் அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

இப்போது புது ஸ்டேடியம் கட்டப்போகிறார்களாம், ஒரு லட்சம் பேருக்கு. வூல்வ்ஸிலிருந்து குன்யாவை 62.5 மில்லியனுக்குப் பேசி முடித்தாகிவிட்டது. அமோரிமின் ஆட்டத்துக்குப் பொருந்துவான் என்கிறார்கள். பொருந்தட்டும். அமோரிமை எத்தனை மாதம் வைத்திருப்பார்கள் என்று யாராவது சொன்னால் நானும் சந்தோஷப்படுவேன்.

விட்டுவிட வேண்டியதுதானே என்பாய். 1977இல் எஃப்ஏ கோப்பை இறுதியில் உன் லிவர்பூலை 2-1 என்று ஜெயித்த படத்தை, கிராணி வீட்டில் கழித்துப்போட்ட பேப்பரிலிருந்து வெட்டி லயத்துச் சுவரில் சோற்றுப்பசை போட்டு ஒட்டினேன். நீ வந்து கிழித்தாய், நான் உன் மூக்கை உடைத்தேன். உன் அம்மா என்னை அடிக்காமல் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சோறு போட்டார்கள். எங்கே போய் விடுவது? ஆட்டம் தெரிகிறதோ இல்லையோ, சனிக்கிழமை ராத்திரி மாமாக் கடையில் தே தாரிக்கோடு அந்தச் சிவப்புச் சட்டைக்கு முன்னால் உட்கார்ந்தால்தான் வாரம் முடிந்த மாதிரி இருக்கிறது.

ஆகஸ்டில் சீசன் தொடங்கியதும் ஜொகூரிலிருந்து பஸ் ஏறி வா. தங்கச்சியையும் கூட்டி வா, இங்கே நாலு நாள் இருக்கட்டும். ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். புக்கிட் ஜாலிலிலிருந்து வந்த மறுநாள் பேரன் லீக்கில் யார் முதலிடம் என்று கேட்டான். சொன்னேன். தனக்கு அந்த ஜெர்சி வேண்டும் என்கிறான். இதுவும் சிவப்பு, அதுவும் சிவப்பு, இருப்பதையே போடு என்று இதுவரை சமாளித்துவருகிறேன். வரும்போது நீ பாட்டுக்குப் பிள்ளைக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு வந்து நிற்காதே.

உன்,
செல்வம்