சிமெண்ட் ஷீட்டை உடைக்க வேண்டாம், அண்ணா

மெல்போர்ன்

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நாங்கள் நலம். குளிர் நம் கோத்தகிரி மார்கழி மாதிரிதான், அதனால் எனக்குப் பழகிவிட்டது, என் மனைவிக்குத்தான் இன்னும் பழகவில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் வீட்டுக்கூரையின் பழைய சிமெண்ட் ஷீட்டை மாற்றி தகரம் போடப் போவதாகவும், அரவேணுவிலிருந்து பையன்கள் வந்து ஒரே நாளில் உடைத்து இறக்கிவிடுவார்கள் என்றும் அம்மா சொன்னார்கள். உடைக்கப் போகிறார்கள் என்றதும்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரி சரி" என்று அடுத்த பேச்சுக்குப் போய்விடுவீர்கள்.

அது வெறும் சிமெண்ட் இல்லை, உள்ளே கல்நார் கலந்திருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கூரையில் சும்மா கிடக்கும்வரை பெரிய தொந்தரவு இல்லை. உடைத்தால், அறுத்தால், துளை போட்டால் கண்ணுக்குத் தெரியாத நார் பறந்து நுரையீரலில் போய்த் தங்கிவிடுகிறது. முப்பது நாற்பது வருஷம் கழித்துக்கூடப் புற்றுநோயாக வரலாம், அப்போது எந்தக் கூரை என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? இங்கே 2003 கடைசியில் அதை முழுசாகத் தடை செய்துவிட்டார்கள். பழைய வீடுகளில் மட்டும் இன்னும் இருக்கிறது, அதையும் பத்து சதுர மீட்டருக்கு மேல் என்றால் பொதுவாக லைசென்ஸ் உள்ளவர்தான் கழற்ற வேண்டும். நம் ஊரில் கடையில் போய்க் கேட்டால் இன்றைக்கும் புது ஷீட்டே கிடைக்கும், என்ன சொல்வது.

இங்கே ஒரு பழைய வீட்டில் ஆள்கள் ஷீட் இறக்கியதை நின்று பார்த்தேன். முதலில் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கொஞ்சம் கலந்து மெதுவாகத் தெளித்தார்கள், வேகமாகப் பீய்ச்சினால் அதுவே நாரைக் கிளப்பிவிடுமாம். துரு ஏறிய போல்ட்டைச் சுத்தியால் தட்டாமல் கையால் அழுத்தும் போல்ட் கட்டரால் வெட்டி, ஷீட்டை முழுசாக, ரெண்டு ரெண்டு பேராகப் பிடித்து இறக்கினார்கள். மேலிருந்து ஒன்றைக்கூடத் தூக்கிப் போடவில்லை. கீழே தடித்த பாலித்தீன் விரித்து, இரண்டு சுற்றுச் சுற்றி டேப் ஒட்டினார்கள். கடைசியில் யாரும் துடைப்பத்தைத் தொடவில்லை, ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியையும் அதே பொட்டலத்தில் போட்டார்கள். நம் பையன்களும் இப்படியே செய்யட்டும், ஷீட் மேல் மட்டும் மிதிக்கக் கூடாது, பழசு, ஈரமும் சேர்ந்தால் ஆளோடு உள்ளே போய்விடும். அன்றைக்குப் போடுகிற சட்டை பேன்ட்டை அண்ணியிடம் துவைக்கக் கொடுக்காதீர்கள். கணவனின் வேலைச் சட்டையை உதறித் துவைத்தே நோய் வாங்கிய பெண்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். பழைய துணியாகப் போட்டுக்கொண்டு ஷீட்டோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

துண்டை மூக்கில் கட்டினால் போதும் என்பீர்கள். போதாது. குறைந்தபட்சம் என்-95 மாஸ்க்காவது வேண்டும், அதுவும் முகத்தில் ஒட்டி உட்கார வேண்டும். இங்கே நான் வேலை செய்யும் இடத்தில் அதற்கு ஒரு பரீட்சையே வைத்தார்கள்: மாஸ்க் போட்டதும் தலைமேல் ஒரு கூடு மாட்டி உள்ளே கசப்பு மருந்தைத் தெளிப்பார்கள், நாக்கில் கசந்தால் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். நான் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்த நேரம் அது, தாடியோடு மாஸ்க் உட்காராது, எடுக்கவும் முடியாது. சூப்பர்வைசர் ஒன்றும் முகம் சுளிக்காமல் மோட்டார் வைத்துக் காற்று தரும் தலைக்கவசம் ஒன்றைக் கொடுத்துவிட்டார். விரதமும் கெடவில்லை, வேலையும் கெடவில்லை.

அப்புறம் உங்கள் கிரானைட் வேலை. குன்னூரில் சமையல் மேடைக்கு நீங்கள் கல்லை உலர்வாக அறுக்கும்போது கிளம்புமே வெள்ளைப் புகை, அதில் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா என்ற தூசி இருக்கிறது. காற்றில் கன மீட்டருக்கு 0.05 மில்லிகிராம், எட்டு மணி நேர சராசரிக்கு இங்கே அவ்வளவுதான் அனுமதி. ஒரே ஒரு கல்லை உலர்வாக அறுத்தாலே அதைத் தாண்டிவிடும் என்று நினைக்கிறேன். செயற்கைக் கல்லில் சிலிக்கா தொண்ணூறு சதவீதத்துக்கு மேல்கூட இருப்பதால், மேடைக் கல் அறுத்த இளவயசுப் பையன்களுக்கே நுரையீரல் கல்லாகிப்போய், 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே நாடு முழுக்கத் தடை செய்துவிட்டார்கள். உங்களை வேலையை விடச் சொல்லவில்லை. பிளேடில் தண்ணீர் விழுகிற மாதிரி வைத்து அறுங்கள், கரண்ட் விஷயம் என்பதால் அதற்கென்றே செய்த மெஷினாகப் பார்த்து வாங்குங்கள், பணம் அனுப்புகிறேன். சேறு காய்ந்தால் மறுபடி தூசிதான், ஈரமாக இருக்கும்போதே அள்ளிவிடச் சொல்லுங்கள்.

கை வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவது தப்பில்லை, ஆனால் ஈர சிமெண்ட்தான் தோலை அரிக்கிறது, ரப்பர் கையுறை போடாமல் எண்ணெயால் ஆகாது. பெயிண்ட் தின்னரை கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தையும் நிறுத்துங்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கழற்றிய ஷீட்டைக் கோழிக்கூண்டுக்குப் பக்கத்து வீட்டில் கேட்டால் கொடுக்காதீர்கள், தேயிலைத் தோட்டத்தில் புதைக்கவும் வேண்டாம். எங்கே ஒப்படைப்பது என்று நகராட்சியில் கேட்டு வைத்துக்கொண்டு, அப்புறம் பையன்களை வரச் சொல்லுங்கள். நாள் முடிவானதும் வாட்ஸ்அப்பில் சொல்லுங்கள், அன்றைக்கு அம்மாவையும் பிள்ளைகளையும் காலையிலேயே அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி