ஜப்பான் எலெக்‌ஷன் கட்டுரைல அரிசியை விட்டுட்டீங்களே

ஆசிரியருக்கு வணக்கம். ஜப்பான்ல வெளிநாட்டவர் வரவ எதிர்க்கிற வலதுசாரி கட்சியான சான்செய்தோ வளர்ந்தது பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன், நல்லாதான் இருந்துச்சு, ஆனா அதுக்கு காரணம் இனவெறின்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டீங்க. நான் எட்டு வருஷமா டோக்கியோல நிஷிகசாய் பக்கம் குடியிருக்கேன், இங்கருந்து பாத்தா கதை அரிசிலதான் ஆரம்பிக்குது.

2000 யென்னுக்கு வாங்கிட்டிருந்த 5 கிலோ பை ஒரே வருஷத்துல 4000ஐ தாண்டிடுச்சு. எங்க ஏரியா சூப்பர் மார்க்கெட்ல குடும்பத்துக்கு ஒரு பைதான்னு கையால எழுதி ஒட்டிட்டாங்க, அதுவும் காலைல கடை திறந்த அரை மணில காலி. அந்த நேரம் பாத்து விவசாய மந்திரியா இருந்த எத்தோ தாக்குங்கறவர், நான் அரிசி காசு குடுத்து வாங்கினதே இல்ல, ஆதரவாளருங்களே நிறைய குடுத்துடுவாங்கன்னு ஒரு கூட்டத்துல பேசி வச்சார். 2025 மே மாசம் அவர் பதவி போச்சு, ஜனங்களோட வயித்தெரிச்சல் போகல.

அதைத்தான் அதே வருஷம் ஜூலை 20 மேல்சபை தேர்தல்ல சான்செய்தோ கட்சிக்காரங்க அள்ளிக்கிட்டாங்க. 2020ல கொரோனா டைம்ல யூடியூப்ல வளர்ந்த கட்சி, தடுப்பூசிமேல சந்தேகம், ஆர்கானிக் சாப்பாடுன்னு பேசிட்டிருந்தாங்க, 2022 மேல்சபை தேர்தல்ல கட்சித் தலைவர் காமியா சோஹெய் ஒருத்தர்தான் ஜெயிச்சார். 2025ல 'ஜப்பானியர் ஃபர்ஸ்ட்'டுன்னு கிளம்பி 14 சீட்டு! விகிதாச்சார ஓட்டு (நாடு முழுக்க கட்சி கணக்குல சேர்ற ஓட்டு) 17 லட்சத்துலருந்து 74 லட்சம் ஆயிடுச்சு. ஸ்டேஷன் வாசல்ல ஆரஞ்சு டீஷர்ட் போட்ட ஒரு அம்மா எனக்கும் குனிஞ்சு வணக்கம் வச்சு நோட்டீஸ் குடுத்தாங்க (எனக்கு இங்க ஓட்டே கிடையாது). அதுல மேலயே இருந்தது வரிக்குறைப்பும், 15 வயசு வரைக்கும் குழந்தைக்கு மாசம் 1 லட்சம் யென்னும்தான். எங்கள மாதிரி வெளியாளுங்க விஷயம் கீழ இருந்துச்சு.

அதுக்காக நான் அவங்களுக்கு வக்காலத்து வாங்கல. பல வருஷமா நெல் சாகுபடிய குறைக்க வச்சது அரசாங்கம், 2023 வெயில்ல விளைச்சலும் அடிபட்டுச்சு, விலை ஏறினதுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு கடை கல்லால நிக்கற நேபாள் பையன் என்ன பண்ணுவான்? 2024 கடைசில இங்க வெளிநாட்டுக்காரங்க மொத்தமே 37 லட்சம் சொச்சம், ஜனத்தொகைல 3 சதவீதம். 2024ல பொறந்த ஜப்பானிய குழந்தைங்க 7 லட்சம்கூட இல்ல, அப்புறம் முதியோர் இல்லத்துல வேலைக்கு யாரை வைக்கிறதாம், அதுக்கு நோட்டீஸ்ல பதில் இல்ல.

எனக்கு அந்த 14 சீட்ட விட வேற ஒண்ணுதான் உறுத்துது. ஓட்டுப்பதிவுக்கு அஞ்சு நாள் முன்னாடி, அப்போ பிரதமரா இருந்த இஷிபாவோட அரசாங்கமே அவசர அவசரமா வெளிநாட்டவர் விவகாரத்துக்குன்னு தனி ஆபீஸ் திறந்துச்சு. அப்படியும் மேல்சபைல மெஜாரிட்டி போச்சு, செப்டம்பர்ல அவரும் ராஜினாமா பண்றதா சொல்லிட்டார், ஆனா சான்செய்தோ பேச்சு ஆளுங்கட்சி வாய்லயும் ஒட்டிக்கிச்சு. உங்க கட்டுரைல இதப்பத்தி ஒரு வரியும் இல்ல, அடுத்த தடவ ஜப்பான் பத்தி எழுதும்போது இதையும் அரிசி விலையையும் சேத்து எழுதுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகன், டோக்கியோ